அப்பா குறைத்த யூனிட்

சிங்காநல்லூர்
பிப்ரவரி 9, திங்கட்கிழமை

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுவது. அங்கே குளிர் கொஞ்சமாவது விட்டதா, மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகாமல் இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இந்த இடத்தில் நானும் அப்பாவும் நலம் என்று எழுத வேண்டும், பத்து நிமிடமாகப் பேனா அந்த வரியிலேயே நிற்கிறது. நான் நலம் கண்ணு. அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லாமல் எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பாய். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும், வெளியே போய்ப் பேசினால் அப்படி என்ன ரகசியம் என்பார். அதுவும் போக, வாயால் ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், பாதியைச் சொல்லிப் பாதியை முழுங்கிவிடுவேன். அதனால் ஹாஸ்டலில் மதியச் சமையலை முடித்துவிட்டு, காய் நறுக்கும் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் பதினைந்து நாள் ஆகுமாம். அத்தனை நாள் நம் கையில் இல்லை. நானே போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன், பக்கத்துக்கு எண் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி. ஆபீசில் இருந்தால் இப்போதே மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படி, கூட யாராவது இருக்கட்டும்.

முதலில் நாங்கள் உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். போன மார்ச் மாதத்திலிருந்து அப்பா மூச்சு மெஷின் வைத்திருக்கிறார். பிரிட்ஜில் பாதி உயரம் இருக்கும், அடியில் சக்கரம், கரண்டில் ஓடுவது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். முப்பது வருடம் மில்லில் பஞ்சு உடைக்கிற இடத்தில் நின்றவருக்கு நெஞ்சு முழுக்கத் தூசி, நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது, ஒரு நாளைக்கு இருபது மணி நேரமாவது மெஷின் ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உக்கடத்தில் கடை வைத்திருக்கும் கரீம் பாய் வாடகைக்குக் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கே உனக்குச் சொல்கிறேன் என்று போனை எடுத்தேன், அப்பா பிடுங்கிவிட்டார். "சொன்னா லீவு போட்டுட்டு ஓடியாந்துருவா பழனி. பிளேன் புகை கெடுதின்னு மூணு வருசத்துக்கு ஒருக்காத்தான் ஏறுவேன்னு அவளே ஒரு ரூல் வெச்சிருக்கறா, நம்மளால அது கெடக்கூடாது" என்றார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் குழாயைக் கழற்றிவிடுவார், மெஷின் சத்தம் கேட்கும் என்று அதையும் நிறுத்திவிடுவோம். ஒரு தடவை ஏனுங்கப்பா இப்படி மூச்சு வாங்குது என்று கேட்டாயே, தண்ணித்தொட்டி பார்க்க மாடிக்கு ஏறி இறங்கினேன் என்றார். அவர் அந்தப் படியில் கால் வைத்து ஒரு வருடம் ஆகிறது.

ஆகஸ்ட்டில் நீ கூப்பிட்டு, ஒரு வீடு வருடத்துக்கு எவ்வளவு கார்பன் புகையைக் காற்றில் விடுகிறது என்று காட்டும் இன்டர்நெட் பக்கத்தைத் தமிழில் செய்து முடித்துவிட்டேன், முதல் ஆளாக நம் வீட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்றாய். அப்பாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு போனை என்னிடம் கொடுக்கவே இல்லை. சிலிண்டர் வருடத்துக்கு எத்தனை, பஸ்ஸில் எவ்வளவு தூரம், கோழி வாரத்துக்கு எத்தனை நாள் என்று நீ செய்த பக்கம் ஒவ்வொன்றாகக் கேட்க, மில்லில் சூப்பர்வைசருக்குப் பதில் சொல்வதைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். விமானப் பயணம் எத்தனை என்று வந்ததும், "ரெண்டு தடவைங்க அம்மணி, பீளமேட்டு ஏர்போர்ட்டு வாசல் வரைக்கும், உன்னை ஏத்தி உட" என்று சொல்லி, சிரித்து, இருமி, அந்த இருமலை நீயும் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டாய். எல்லாம் பச்சையாகவே வந்தது. கடைசியில் கரண்ட். இரண்டு மாதத்துக்கு ஐந்நூற்று அறுபது யூனிட் என்று அட்டையைப் பார்த்துச் சொன்னார், அந்தக் கட்டம் மட்டும் சிவப்பாகிவிட்டது. உங்களைப் போன்ற வீடுகளைவிட மூன்று மடங்கு அதிகம் என்று எழுத்து வந்தது, நீ எழுதிய எழுத்துத்தான்.

நீ ஒன்றும் தப்பாகப் பேசவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "என்னங்கம்மா, ரெண்டு பேர் இருக்கற ஊட்டுக்கு இத்தனை யூனிட்டா, ஏசி கீசி வாங்கிப்போட்டீங்களா" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நான் வாயைத் திறந்தேன். அப்பா கட்டிலிலிருந்து வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிரிட்ஜ் பழசு கண்ணு, அதுதான் இழுக்குது என்று நானும் சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய்யை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதமே இல்லை. அடுத்த ரீடிங்குக்குக் குறைச்சுக் காட்டுங்க பார்க்கலாம் அப்பா என்றாய். பார்க்கலாங்க அம்மணி என்றார். நான் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அக்டோபரில் நானூறு வந்தது. டிசம்பரில் இருநூற்று அறுபது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, மழைக்காலம், ஃபேன் ஓடவில்லை, அப்பா பிரிட்ஜையும் பகலில் அணைத்து வைக்கிறார், அதனால் குறைந்திருக்கும் என்று. ஹாஸ்டலுக்குக் காலை ஆறு மணிக்குப் போனால் நான் திரும்ப ஆறு மணி ஆகிவிடும். வந்ததும் முதல் வேலையாக அவர் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டிப் பார்ப்பேன், தொண்ணூற்றிரண்டு காட்டும், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், எனக்குத் திருப்தியாக இருக்கும். மெஷின் சத்தத்தில் உனக்குத் தூக்கம் கெடுது, நீ முன்னறையில் படு என்று தீபாவளிக்குப் பிறகு சொன்னார், என் மேல் எவ்வளவு அக்கறை என்று அதற்கும் மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். நீயும் எவ்வளவு சந்தோஷப்பட்டாய். சிங்காநல்லூரில் ஒரு வீடு பாதிக்கு மேல் குறைத்துவிட்டது, அது எங்கள் அப்பா வீடு என்று ஆபீஸ் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டியதாகவும், எல்லோரும் எழுந்து கை தட்டியதாகவும் சொன்னாய். அன்றைக்கு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏழாவதோடு நின்றவனுக்கு வெள்ளைக்காரங்க கை தட்டியிருக்கறாங்க என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அன்னூரிலிருந்து வந்த என் தம்பி, உன் சென்னிமலை மாமனுக்கு இரண்டு தடவை சொன்னார்.

ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், கரீம் பாய் மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற வந்தார். மகள் கல்யாண வேலையில் நாலைந்து மாதமாக அவரால் வர முடியவில்லை, கடைப் பையனிடம் ஃபில்டரைக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஞாயிறு, நானும் வீட்டில் இருந்தேன். மெஷினுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மீட்டர் இருக்கிறது, மெஷின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதில் ஏறிக்கொண்டே போகும். இத்தனை நாள் அந்த வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. பாய் குனிந்து பார்த்தார், தன் நோட்டைப் பார்த்தார், மறுபடியும் குனிந்து பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க அக்கா, ஆகஸ்ட்டுல நான் எழுதுனதுக்கு இப்ப மூவாயிரம் மணியாச்சும் ஏறியிருக்கோணும், ஆயிரத்து முந்நூறுதானுங்க ஏறியிருக்குது. அண்ணன் மெசினைப் போடறதில்லீங்களா" என்று கேட்டார். பாயை அங்கேயே நிற்க வைத்துவிட்டு ஓடினேன் கயலு. உள்ளே போய் அவரைப் பார்த்தேன். உதடு நீலம் பூத்திருந்தது, கால் வீங்கியிருந்தது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தே இருப்பதால் வீக்கம் என்று அத்தனை நாளும் அவர் சொன்னதை நான் நம்பியிருக்கிறேன்.

நான் போனதும் நிறுத்திவிடுவாராம். நான் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்வாராம், அதனால்தான் கிளிப்பில் எல்லாம் சரியாகக் காட்டியிருக்கிறது. இரவில் நான் முன்னறைக்குப் படுக்கப் போன பிறகு மறுபடியும் நிறுத்திவிட்டு, தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தே விடிய வைத்திருக்கிறார். ஏன் இப்படிச் செஞ்சுபோட்டீங்க என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஊரு உலகத்துக்கெல்லாம் கரண்டைக் கொறைங்கன்னு சொல்றவ பழனி. அவ அப்பன் ஊட்லயே செவப்பு காட்டுனா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா. கொஞ்சம் மூச்சு வாங்குனா என்ன, மில்லுல வாங்காத மூச்சா." எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தோம். அந்த வாரம் போன் ரிப்பேர் என்று மாமன் போனிலிருந்து உனக்கு மெசேஜ் போட்டேனே, அது பொய். ஆக்சிஜன் குறைந்து குறைந்து இருதயத்துக்குப் பாரம் கூடி, அது விரிந்து தளர்ந்துவிட்டதாம். டாக்டர் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு, நுரையீரல் ஏற்கெனவே மோசம்தான் அம்மா, ஆனாலும் மெஷின் ஒழுங்காக ஓடியிருந்தால் இன்னும் இரண்டு வருடமாவது நல்லபடியாக இருந்திருப்பார் என்றார். இப்போது எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஒரு மாதம், கூடினால் ஒன்றரை மாதம் என்றார். அதைக் கேட்டு இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். மாமன் வந்து கூடவே இருக்கிறான், நான் அரை நாள் மட்டும் வேலைக்கு வருகிறேன். மெஷின் நாள் முழுக்க ஓடுகிறது, சுவிட்ச் பக்கம் மாமன் கட்டிலைப் போட்டுக் காவல் இருக்கிறான்.

உன் மேல் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, இந்தப் பாழாய்ப்போன கணக்கை எதற்காக என் வீட்டுக்குள் கொண்டுவந்தாள் என்று உன்னைத் திட்டினேன். இரண்டு நாள் இருந்தது அந்தக் கோபம். மூன்றாம் நாள் அது எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே வந்து சேர்ந்துவிட்டது. நீ ஆறாயிரம் மைலுக்கு அந்தப்புறம் இருந்தாய், உனக்கு மெஷின் இருப்பதே தெரியாது. நான் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அட்டையில் யூனிட் குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். இருபது மணி நேரம் ஓடுகிற மெஷின் இருக்கும் வீட்டில் பிரிட்ஜை அணைத்தால் இவ்வளவு குறையுமா என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியிருக்க வேண்டாமா. நூறு பேருக்குச் சாதம் வடிக்கிறவள், ஒரு படி அரிசி குறைந்தால் கண்டுபிடித்துவிடுவேன், இதைக் கண்டுபிடிக்கவில்லை. இதில் உன் பங்கு ஒன்றும் இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதனால் அப்படிச் சொல்லவில்லை. மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்த பாசத்தால் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டோம் கண்ணு. அழ வேண்டும் என்றால் அழு. ஆனால் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடாதே, வேலை இருக்கிறது.

அப்பாவுக்கு முடியவில்லை, வா என்று மட்டும் சொல்லியிருந்தாலும் நீ வந்துவிடுவாய், இதையெல்லாம் எதற்கு எழுத வேண்டும் என்று நானும் யோசித்தேன். வெள்ளிக்கிழமை உன் மெசேஜ் வந்தது. அப்பாவைப் பற்றி உன் பக்கத்தில் போடப் போவதாகவும், ஈபி மீட்டர் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு போட்டோ வேண்டும் என்றும், எப்படிக் குறைத்தீர்கள் என்று அவர் வாயால் மூன்று வரி வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அவர் அதைப் படித்துவிட்டார். அதிலிருந்து குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே அந்த மூன்று வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். "தேவையில்லாத நேரத்துல எதையும் ஓட உடறதில்லைங்க" என்பது முதல் வரி. இரண்டாவது வரிக்குப் போவதற்குள் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த வரியைப் படிக்கிற ஏதாவது ஒரு வீட்டில் இப்படி ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், அங்கேயும் ஒரு மனிதன் தன் மகளுக்காக அதை நிறுத்துவான். அதைப் போடாதே. முடிந்தால் இன்னொன்று செய். உன் பக்கம் சிலிண்டரைக் கேட்கிறது, பஸ்ஸைக் கேட்கிறது, கோழியைக்கூடக் கேட்கிறது. வீட்டில் யாருக்காவது உடம்புக்காக மெஷின் ஓடுகிறதா என்று ஒரு கேள்வி சேர்த்து, ஆமாம் என்றால் அந்தக் கரண்டைக் கணக்கில் சேர்க்காதே, அதை நிறுத்தாதீர்கள் என்று பெரிய எழுத்தில் போடு. உன்னால் முடியும், நீ செய்த பக்கம்தானே.

இப்போது நீ புறப்படு. எந்த ரூலும் வேண்டாம், கிடைக்கிற பிளேனில் ஏறு. ரயிலில் பாதி வருகிறேன், பஸ்ஸில் பாதி வருகிறேன் என்று யோசித்துக்கொண்டிருக்காதே, அதற்கு நாள் இல்லை. கனத்த பெட்டி எதுவும் வேண்டாம், எங்களுக்கு ஒன்றும் வாங்கி வராதே. ஏறுகிற நேரத்தை எனக்கு மட்டும் அனுப்பு, அப்பா போனுக்கு அனுப்பாதே. நீ வந்து நிற்கும்போது அவருக்குத் தெரிந்தால் போதும்.

வந்ததும் அவரிடம் எதுவும் கேட்காதே. இந்தக் கடிதம் உனக்குத் தெரியாது, கரீம் பாய் சொன்னது தெரியாது, டாக்டர் சொன்ன நாள் தெரியாது. மெஷினைப் பார்த்து ஒரு தடவை பதறு, இதை ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள், அதோடு விடு. மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே. நீ மன்னிப்புக் கேட்டால், தான் செய்தது உனக்கு உதவவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும், பிறகு அவரிடம் ஒன்றுமே மிஞ்சாது. அவர் இப்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறார் கண்ணு, அந்தக் கை தட்டலை வைத்துக்கொண்டு இருக்கிறார். அது அவரிடமே இருக்கட்டும். உண்மையை நீயும் நானும் சுமந்துகொள்வோம்.

ஒன்றை மட்டும் அவர் நிச்சயம் கேட்பார், நேற்று என்னிடமும் கேட்டார். அம்மணி ஒருக்கா பிளேன்ல வந்துட்டுப் போனா எவ்வளவு புகை ஆகும், நம்ம ஊட்டுக் கணக்குல எத்தனை மாசத்துக்குச் சமம் என்று. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியும், ஒரு தடவை நீயே சொல்லியிருக்கிறாய், அதனால்தான் பயமாக இருக்கிறது. அவரிடம் நீ இதுவரை ஒரு எண்ணைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை, ஸ்கூல் மார்க்கைக்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. இந்த ஒரு தடவை குறைத்துச் சொல். பிளேன் எப்படியும் வரத்தான் இருந்தது, ஒரு சீட் காலியாகக் கிடந்தது, அதில்தான் உட்கார்ந்து வந்தேன், என் கணக்கில் புகை ஒன்றும் ஏறவில்லை அப்பா என்று சொல். முகத்தைப் பார்த்துச் சொல். நம்புவார், நீ சொன்னால் எதையும் நம்புவார்.

அழகுநாச்சி அம்மன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீண்ட ஆயுசோடு இரு என் தங்கம். பாஸ்போர்ட்டை மறக்காதே. பசியோடு பிளேன் ஏறாதே.

உன் அம்மா
ஆ. பழனியாத்தாள்